வேட்டியில் விழுந்த ஐந்தருவி

பனிக்காலம் முழுக்கத் தினம் ஓர் எண்ணெய்ச்சாயப் படம் வரைவேன் என்று இதே வாசகசாலைப் பலகையில் வீராப்பாக எழுதி ஒட்டியவன் நான்தான்.

இன்று குற்றாலத்தில் ஐந்தருவியை வரைந்து முடித்த கையோடு தென்காசிக்குக் குதிரை வண்டி ஏறினேன். இந்தக் குளிரில் சாயம் ஒரு நாளில் காயாது. தெரிந்தும் படத்தை மடியில் வைத்திருந்தேன்.

வண்டி குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து மகனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில் படம் அப்பிக்கொண்டது.

"என்ன படம் தம்பி இது?"

"ஐந்தருவி, அண்ணாச்சி."

குனிந்து பார்த்தார். "வேட்டியில அருவி நல்லாத்தான் விழுது. படத்துலதான் ஒண்ணையும் காணோம்."

அதே வேட்டியோடு பெண்வீட்டுக்கு இறங்கிப் போனார். எனக்குக் கூசிப்போயிற்று.

கறை போக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிருந்தால் அதை மட்டும் எழுதாதீர்கள்.