எதிர்க்கடைக்குப் போன துணித்துண்டு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. காய்கறிக்காரர் எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள், நான் அவர் விரலைப் பார்ப்பேன். இந்தக் குணத்தோடுதான் தியாகராய நகரில் ஒரு சந்துக்குள் மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். புடவையோடு வருகிறவர்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் எடுத்துக் கொடுக்கும் கடை.

இயற்கையாகவே வருகிற சந்தேகம் போதாதென்று அடையாறில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் வேறு சேர்ந்தேன். சிறு வியாபாரிகள் தங்கள் தொழிலில் உள்ள போட்டியை எப்படி அலசுவது என்பது பாடம். வாத்தியார் பலகையில் ஐந்து பெட்டிகள் வரைந்தார். இப்போதே இருக்கும் போட்டியாளர், புதிதாக வரப்போகிறவர், சரக்கு தருகிறவர், வாங்குகிறவர், நம் சரக்குக்குப் பதிலாக வேறு எதையோ வைத்துச் சமாளிக்கிறவர். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "உங்க போட்டியாளருக்கு உங்களப் பத்தி என்னென்ன தெரியும்? எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஐந்து பெட்டிகளை வரைந்து, அவற்றில் ஆட்களை எழுதினேன். கடைசிப் பெட்டியில் என் நாத்தனார். எந்தப் புடவைக்கும் ஒரே தங்க நிற ரெடிமேட் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். முதல் பெட்டியில் எதிர்க்கடை பாய். அவர் கடை வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் இன்னும் வாங்காத நிறமெல்லாம் அவர் கடையில் தொங்கும். வெங்காயத்தோல் நிறத்தில் நான்கைந்து சாயல் வாங்கிப் போடலாம் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கடை வாசலில் எட்டுச் சாயல் தொங்கியது. என் மனசுக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

என் கடையில் அப்போது பதினோரு வருஷமாக வேலை செய்தவர் ஓர் அக்கா. ஆற்றோரக் குடிசையிலிருந்து அரசாங்கம் அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்த குடும்பம் அவருடையது. இரண்டு பஸ் மாறி வருவார். நிறத்தை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். பெட்டிகளில் அவருக்கு இடமில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அதுதான் அவர் என்று வைத்துக்கொண்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையிலும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் கேட்கும் நிறம் நம்மிடம் இல்லையென்றால், "உக்காருங்கம்மா, குடோன்ல இருக்கு" என்று சொல்லி, புடவையின் உள்முனையில் நகத்தளவு வெட்டிக்கொண்டு ஓர் ஆள் எதிர்க்கடைக்கு ஓடுவார். அங்கே கடைக்காரர்களுக்குள் கொடுக்கும் குறைந்த விலைக்கு ஒரு மீட்டர் வாங்கிவந்து நம் சரக்கு போலக் கொடுப்போம். அவர்களும் நம்மிடம் அப்படியே வருவார்கள். எங்கள் கடையிலிருந்து ஓடுகிறவர் அக்காதான். ஒரு நாளைக்கு நாலைந்து முறை பாய் கடையில் நின்று சிரித்துப் பேசிவிட்டு வருவார். சாயங்காலம் கிளம்பும்போது அவர் பை கனத்துத் தொங்கும். காலையில் லேசாக ஆடிய பை மாலையில் எப்படிக் கனக்கிறது என்று தினமும் பார்ப்பேன்.

ஒரு பொறி வைத்தேன். அக்காவிடம் மட்டும், யாரும் இல்லாத நேரத்தில், "அடுத்த மாசம் முழுக்க மாந்துளிர் கலர்தான் அக்கா. ஒரு ராக் முழுக்கப் போடப்போறேன். வெளிய சொல்லாதீங்க" என்றேன். பொய்தான். ஆனால் அக்கா நம்பவேண்டும் அல்லவா? "புதுசு வர்ற வரைக்கும் பழசு வேணாம்" என்று சொல்லி, மாந்துளிர் தீர்ந்தபோது வாங்காமல் விட்டேன்.

மூன்றே வாரம். எதிர்க்கடை வாசலில் மேலிருந்து கீழே வரை மாந்துளிர் தொங்கியது. எனக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிர் அதில் நிறைய இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா பையை எடுத்ததும், "கொஞ்சம் தெறங்க" என்றேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதைக்கூட நான் பார்க்கவில்லை.

"இன்னா மா?"

"பையத் தெறங்க அக்கா."

அவர் பையின் வாயை விரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். டிபன் பாக்ஸ். குடை. நான்கு பாட்டில் தண்ணீர்.

"நம்ம கட கேன் தண்ணி மா. எங்க ஏரியால வர்ற தண்ணி ஒரே உப்பு, வாயில வெக்க முடியாது. பேரப்புள்ளைங்க கீதுங்க. கேக்கணும்னு தோணல, அது என் தப்புதான்."

பையில் அவ்வளவுதான். எனக்கு அப்போதும் ஆறவில்லை. அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு நேராக எதிர்க்கடைக்குப் போனேன். "மாந்துளிர் போடணும்னு உங்களுக்கு யார் சொன்னது பாய்?"

பாய் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க." கல்லாவுக்குப் பின்னால், பழைய பில் குத்திவைக்கும் கம்பி ஒன்று தொங்கியது. அதில் பில் இல்லை. நகத்தளவு துணித்துண்டுகள், நிறம் நிறமாக. "உங்க கடையிலேருந்து வர்ற பிட்டெல்லாம் இதுல குத்திவெப்பேன். எந்தக் கலர் அடிக்கடி வருதோ, அது உங்ககிட்ட இல்ல, ஜனங்க கேக்குறாங்கன்னு அர்த்தம். அதைத்தான் வாங்கிப் போடுவேன். இந்த மாசம் பாருங்க, மாந்துளிர் மட்டும் எவ்ளோ!"

பார்த்தேன். பொறிக்காக வாங்காமல் விட்ட நிறம். கேட்டு வந்தவர்களை உட்காரவைத்து, "சீக்கிரம் போங்க அக்கா" என்று நானே விரட்டி அனுப்பிய துண்டுகள். வெங்காயத்தோலும் அடியில் இருந்தது. அவர் கடையிலிருந்தும் இதேபோல் தினமும் துண்டுகள் எங்களுக்கு வரும். துணியைக் கொடுத்துவிட்டு, துண்டைக் குப்பைக்கூடையில் போடுவோம். வாத்தியாரின் கேள்விக்குப் பதில் பதினைந்தடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு பெண்ணின் பையில் தேடியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது பாட்டில்கள் மேஜைமேலேயே இருந்தன. அக்கா போய்விட்டிருந்தார்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், நடந்ததையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். "வுடு மா, ஆச்சு" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வந்த லைனிங்கைப் பிரித்து அடுக்கப் போய்விட்டார்.

இப்போது எங்கள் கல்லாவுக்குப் பின்னாலும் ஒரு கம்பி தொங்குகிறது. பாய் கடையிலிருந்து வரும் துண்டுகளை அதில் குத்துகிறேன், வாரக் கடைசியில் பார்த்து வாங்குகிறேன். வியாபாரம் நன்றாகவே இருக்கிறது. ஐந்து பெட்டித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பென்சில் கேள்விக்குறியைக் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் அக்கா கல்லாவுக்கு எதிரே வந்து நிற்பார். நான் கேட்காமலே பையின் வாயை விரித்து, என் பக்கமாகச் சாய்த்துக் காட்டுவார். வேண்டாம் அக்கா என்று எத்தனையோ தரம் கெஞ்சிவிட்டேன். தண்ணீராவது எடுத்துக்கொண்டு போங்கள், நானே நிரப்பித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மா" என்பார். நேற்றும் காட்டினார். டிபன் பாக்ஸும் குடையும் மட்டும்தான் இருந்தன.