மண்டாய் ரோட்டில் ஒரு சாண்

இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது கப்பலோ கட்டடமோ இல்லை, தலைக்கு மேலே காயும் துணி. மாடி ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகளைத் தெருப்பக்கம் நீட்டி, சட்டை, பாவாடை, சேலை எல்லாவற்றையும் அதில் கோர்த்துவிடுகிறார்கள். சொட்டும் நீர் கீழே போகிறவன் பிடரியில் விழும். எங்கள் மன்னார்குடிப் பக்கம் பெண்பிள்ளைகளின் துணி கொல்லையில்தான் காயும். அதன் அடியில் ஒரு ஆண்பிள்ளை நுழைந்து போனால் பார்த்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். இங்கே சிராங்கூன் ரோட்டுச் சந்தில் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து தேக்கா முனைக்குப் போவதற்குள் முப்பது வீட்டுத் துணிக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். முதல் வாரம் நடுத்தெருவில் நடந்தேன். ஒரு டாக்சிக்காரர் திட்டிய பிறகு ஓரமாகவே, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடக்கப் பழகினேன். பிறகு பாருங்கள், எனக்குக் கிடைத்ததோ கண்ணைத் தாழ்த்தவே கூடாத வேலை.

துறைமுகத்தில் இறங்கும் பெரிய எந்திரங்களை ரோடு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி அது. மண்டாய்ப் பக்கம் மலையை உடைத்துக் கருங்கல் எடுக்கிற இடத்துக்கு லாரிகள் வரும். ஊரில் நெல்மூட்டை ஏற்றுகிற லாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் சக்கரமே என் தோள் உயரம். டிரைவர் தலையில் கல் விழாமலிருக்க, கல் கொட்டும் தொட்டியின் இரும்புத் தகடு அவருக்கு மேலே கூரைபோல நீண்டிருக்கும். இதை ரோட்டில் தானாக ஓட்டிப்போக அனுமதி இல்லை. தாழ்வான நீள டிரெய்லரில் ஏற்றி, சங்கிலியால் கட்டி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள் போக, ஆள் நடக்கிற வேகத்தில் இழுத்துப்போவார்கள். புக்கிட் தீமா ரோட்டில் ரயில் பாலம் குறுக்கே தாழ்வாக நிற்பதால் தாம்சன் ரோடு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

அதற்குப் பத்து நாள் முன்பே ஓர் ஆள் வழி முழுக்க நடந்துபோய், மேலே எது இடிக்கும் என்று பார்த்துவர வேண்டும். டெலிபோன் கம்பி, கடைப் பலகை, மரக்கிளை எதுவும் தப்பக் கூடாது. அந்த ஆள் நான். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு அடி, அங்குலக் கணக்கு எங்கே வரும்? அதனால், டிரெய்லரில் ஏற்றினால் லாரி எவ்வளவு உயரம் வரும் என்று கப்பல் காகிதத்தைப் பார்த்துக் கிளார்க் எழுதித் தர, அவ்வளவுக்கு ஒரு மூங்கிலை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூங்கில் முட்டுகிற இடத்தை நான் வந்து சொன்னால் கிளார்க் எழுதிக்கொள்வார். பிறகு ஆட்கள் போய்க் கம்பியைத் தூக்கிக் கட்டுவார்கள், கிளையை வெட்டுவார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயப்படுகிற ஆள். தபால்பெட்டியில் கடிதம் போட்டபின் விரலை விட்டுத் துழாவி, உள்ளே விழுந்ததா என்று பார்ப்பேன். நாலாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து கணக்குக் கேட்டபோது, விடை தெரிந்திருந்தும் தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்காமல் நின்றேன். வாத்தியார் என்னை அடிக்கவில்லை. அன்று முழுக்க என் பக்கம் பார்க்கவே இல்லை. அடித்திருந்தால் மறுநாள் பள்ளிக்கூடம் போயிருப்பேன்.

அப்படிப்பட்டவனிடம் மூங்கிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? வெட்டும்போது குறைந்துபோயிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல் அதன் நுனியில் ஒரு சாண் பிரம்பைச் செருகி, மேலே சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டேன். பார்ப்பவர்களுக்கு அது கொடி. அந்த ஒரு சாண் இருந்ததால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

மண்டாய் ரோட்டில் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பம், அதாவது சிற்றூர், ஒன்று உண்டு. அங்கே ஒரு பலகை வீட்டு முற்றத்திலிருந்து ரம்புத்தான் மரம் ரோட்டின் மேல் கிளையை நீட்டியிருந்தது. கிளை கொள்ளாமல் காய். அங்கங்கே ஒன்றிரண்டு சிவந்திருந்தது. மூங்கிலை நிமிர்த்தினேன். சிவப்புத் துணியின் நுனி, நாலு விரல் அளவுக்குக் கிளையில் முட்டியது. சரியாகப் பார்ப்போமென்று ஆட்டியபோது, உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா முழங்கை வரை மாவோடு ஓடிவந்தார். நான் பழம் உதிர்க்கக் கழியோடு வந்தவன் என்று நினைத்துவிட்டார். இடுப்பில் கைவைத்து அவர் பேசிய பேச்சில் நான் மூங்கிலை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்து, பழுத்ததாகப் பார்த்து ஒரு கொத்து அறுத்து, "மாக்கான், மாக்கான்" என்று கையில் திணித்தார். சாப்பிடச் சொல்கிறார் என்பது புரிந்தது. நான் லாரி என்றேன். கையை அகல விரித்து, பெசார், பெரியது என்று காட்டினேன். அதோடு எனக்குத் தெரிந்த மலாய் தீர்ந்துபோயிற்று. அவர் எதிரே உட்கார்ந்து, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை உண்டா என்று சைகையில் கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். மனைவி? கடலுக்கு அப்பால் என்று காட்ட, கையை உயர்த்தித் தூரத்தில் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கண் கலங்க, இன்னொரு கொத்து அறுத்துக் கொடுத்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் சந்துப் பிள்ளைகள் வயதான மலாய் அம்மாக்களைக் கூப்பிடுவதுபோல மாக்சிக் என்று கூப்பிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆபீசுக்குப் போய், வெட்ட வேண்டியவற்றில் அந்தக் கிளையையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் பண்ணையார் வீட்டு வைக்கோல் வண்டி, குறுக்கே யார் வீட்டு முருங்கை இருந்தாலும் ஒடித்துக்கொண்டு போகும். யாரும் கேட்டதில்லை. இங்கே ஒரு கிளைக்குக்கூடக் காகிதம் உண்டு, கையெழுத்து உண்டு. ஆனால் அந்தக் காகிதம் மாக்சிக்குக்குப் போகாது. ரோட்டின் மேல் நீண்ட கிளை ரோட்டுக்குச் சொந்தமாம். பழம் முழுக்கச் சிவக்கும் வாரத்தில் கோடாலியோடு ஆட்கள் போய் நிற்பார்கள். அதுவும் நான் செருகிய ஒரு சாணால். அந்தச் சாண் இல்லையென்றால் மூங்கில் கிளையைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் என் மனைவி தையல்நாயகி வந்து சேரப் பெர்மிட் வேண்டும், அதற்குக் கம்பெனியின் கடிதம் வேண்டும். மூங்கிலில் பொய் சேர்த்தவன் என்று பெயர் வாங்கினால் கடிதம் எங்கே கிடைக்கும்? வேலையே இருக்காது. மூன்று நாள் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள், டிரெய்லரை இழுக்கும் வண்டியின் டிரைவர் காதர் நானாவிடம் துறைமுக வாசல் டீக்கடையில் சொல்லிவிட்டேன். நாகூர்க்காரர். எதற்கும் அசையாத மனிதர்.

"எவ்ளோ கூட்டுன?"

"ஒரு சாண் நானா."

கிளாஸைக் கீழே வைத்தார். "மாப்ளே, மூங்கில வெட்டுனவன் யாரு? நான்லா. வெட்டும்போதே நாலு விரல் கூட்டித்தான் வெட்டுனேன். உன்ன நம்பி வண்டிய எடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

அவரே கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துப்போனார். கிளார்க் நல்லதம்பி ஐயா யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. நான் சொல்வதைத் தலை நிமிராமல் கேட்டார்.

"அளவெடுக்க விட்டா, நீர் உம்மட பயத்தையெல்லோ அளந்துகொண்டு வந்திருக்கிறீர்" என்றார்.

நான் நின்றேன். அன்று வகுப்பில் நின்ற அதே நிற்பு. ஆனால் இவர் என் பக்கம் பார்த்தார். நானாவின் நாலு விரலையும் விசாரித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து கப்பல் காகிதத்தை எடுத்தார்.

"இதில இருக்கிற உயரத்துக்கு நானும் மூண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதினனான்" என்றார் மெதுவாக. "வெளியில சொல்லிப்போடாதேயும்."

என்னைப்போலக் கப்பலேறி வந்தவர்களுக்கு இது புரியும். ஊரில் ஒரு தப்புச் செய்தால் மூடி மறைக்க மாமன் இருப்பான், மச்சான் இருப்பான். இங்கே ஒரே தப்பு போதும், திரும்பிப் போகிற கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அதனால் பஸ்ஸுக்கு அரைமணி முன்னாலேயே நிற்கிறோம், ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை பேனாவை உதறுகிறோம். மடிப்புக் கலையாத மனிதரும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்லதம்பி ஐயா அந்தக் கிளையின் வரியை அடித்துவிட்டார். மூன்று பேரும் கூட்டியதைக் கழித்தால் லாரிக்கும் கிளைக்கும் ஓர் அடி இடைவெளி என்றார். "ஞாயிறு வண்டி இடிபடாமப் போய்ச் சேரட்டும். பிறகு உம்மட மனுசியின்ர கடிதத்தைப் பாப்பம்."

சனிக்கிழமை ராத்திரி மழை பெய்யும் என்று நாங்கள் மூன்று பேருமே நினைக்கவில்லை. இவ்வளவு பயந்தவர்கள் அதற்கு மட்டும் பயப்படவில்லை. காலையில் மண்டாய் ரோட்டுக்கு டிரெய்லர் வந்தபோது, பத்து நாளில் பழுத்துச் சிவந்த கிளை, மழைநீரும் சேர்ந்து, அந்த ஓர் அடிக்கும் மேலாகவே தொங்கிப் போயிருந்தது. லாரியின் கூரைத் தகட்டுக்கு நேராக இலை. நானா வண்டியை நிறுத்தினார். பின்னால் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கோடாலியை எடுக்கச் சொன்னார். நல்லதம்பி ஐயா குடையை மடித்து மடித்து விரித்தார். என் கடிதம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கோடாலியை எடுக்கப் போனவனுக்கு முன்னால், எப்படி ஏறினேனோ, டிரெய்லரில் ஏறி, சங்கிலியைப் பிடித்து லாரியில் ஏறி, கூரைத் தகட்டின் மேல் போய் நின்றுவிட்டேன். கிளையை உலுக்கினேன். நீர் கொட்டிற்று. கொத்துக் கொத்தாகப் பறித்துக் கீழே நீட்டினேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாக்சிக் ஒரு நிமிஷம் அந்த லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெசார் என்று நான் அன்றைக்குக் கை விரித்தது எதை என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பாவாடையைச் செருகிக்கொண்டு கூடையோடு வந்தார். மகள்கள் இருவரும் வந்தார்கள். போலீஸ்காரரும் தொப்பியில் ஒரு கொத்து வாங்கினார். பழம் குறையக் குறையக் கிளை ஏறியது, ஒரு விரல், இரண்டு விரல் என்று. மாக்சிக் மலாயில் நானாவிடம் என்னவோ கேட்டார். நானா கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாப்ளே, பொண்டாட்டி செத்துட்டான்னு இந்தம்மாகிட்ட சொன்னியாமே? பத்து நாளா உனக்காகத் துவா கேக்குறாங்களாம்."

"அய்யோ, ஊர்ல இருக்கா நானா. வரப்போறா."

அவர் அதை மலாயில் சொன்னதும் மாக்சிக் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். வந்ததும் இங்கே கூட்டிவரச் சொன்னதாக நானா சொன்னார்.

கூட்டிப்போனேன். தையல்நாயகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கே போய்விடலாமா என்று அவள் கேட்கிற நாட்களில் எனக்கு அந்தத் தகட்டின் மேல் நின்றதுதான் நினைவுக்கு வருகிறது. எல்லாம் பறித்த பிறகும் கிளை நாலு விரல் தாழ்ந்தே இருந்தது. குனிந்து கையால் தூக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, போகலாம் என்றேன். வண்டி நகர்ந்தது. நான் பின்னால் ஓர் அடி வைத்தேன், இன்னொன்று வைத்தேன். காலுக்குக் கீழே லாரி போய்க்கொண்டிருந்தது. தோளில் ஈரக் கிளையோடு நான் மட்டும் அதே இடத்தில் நின்றேன். தகடு முடிகிற ஓரம் குதிகாலில் பட்டது, அதற்குப் பின்னால் வெறும் தொட்டி.

"வேலு, வர்றியா, இல்ல மரத்துலயே இருந்துடுறியா?" என்று நானா முன்னாலிருந்து கத்தினார்.

"வர்றேன் நானா" என்றேன். தோளை எடுக்கவில்லை.