இடது கால் போதும்

"...புண்ணெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, சும்மாதான். இடது கால் மட்டும் போதும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது. அவர் அடிக்குரலில்தான் சொன்னார். பூசை வைத்த அச்சனின் அங்கியில் குத்தியிருந்த சின்ன மைக் அதைக் கடைசித் தூண் வரைக்கும் கொண்டுபோய்விட்டது.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசை. கர்த்தர் சீடர்களுக்குக் கழுவியதுபோல் பன்னிரண்டு பேரின் கால்களை அச்சன் கழுவும் சடங்கு. பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் இருந்தவர்களில் பதினோரு பேர் வலது காலை நீட்டி, கழுவித் துடைத்து முடித்தாயிற்று. பன்னிரண்டாவது ஆள் இவர். வந்து உட்கார்ந்தபோது இரண்டு காலிலும் சாக்ஸ். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது நான்தான்.

ஆறு வருடம் முன்பு ஒரு கட்டட வேலையில் கிரானைட் பலகை நழுவி வலது காலில் விழுந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்று முதல் வெளியே கிளம்பினால் சாக்ஸ்தான். செருப்பை வாசலில் விட்டாலும் அதைக் கழற்றமாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் 'சாக்ஸ் அண்ணன்'. "அண்ணன் பொன்முடி மலையில நின்னு இப்பத்தான் இறங்கி வந்ததா? குளிரு விட்டில்லையா?" என்று கேலி செய்வார்கள். இவரும் சிரித்துவைப்பார்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் கரமனைப் பக்கத்தில் இருபது வீடுகள் சேர்ந்தது ஒரு யூனிட். வாரம் ஒரு வீட்டில் செபம், முடிந்ததும் பால் விடாத கட்டன் சாயா. ஒரு வாரம் யூனிட் செயலாளர் சேச்சி, "கால் கழுவலுக்கு நம்ம யூனிட்டிலிருந்து ஒரு ஆள் வேணும். காலை மட்டும் கொண்டு வந்தா மதி, பாக்கியெல்லாம் அச்சன் பார்த்துக்கும்" என்றாள். ஒருவருக்கு அன்று டியூட்டி. இன்னொருவர், "எனக்கு உள்ளங்காலைத் தொட்டா சிரிப்பு வரும் சேச்சி. கர்த்தர் பாடுபடுற நேரத்தில சிரிக்கலாமா?" என்றார். எல்லோரும் சாயாக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு ஆள் வருவாங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருடத்தில் யாரும் எங்களை முன்னால் வந்து உட்காரச் சொன்னதில்லை, அந்த ஆசையா? அந்தக் கால் ஞாபகத்துக்கே வரவில்லையா? கால் ஞாபகமிருந்தேதான் சொன்னேனா? மூன்றுமே உண்மை போலவும் மூன்றுமே பொய் போலவும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மீன் கழுவிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அது 'சரி' என்கிற 'ம்' தானா, 'இரு, உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற 'ம்' தானா, பதினெட்டு வருடம் கூட இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. புதன்கிழமை ஒரு ஜோடி புதுச் சாக்ஸ் வாங்கி வந்தார். வருவதாக இருந்தால் எதற்குப் புதுச் சாக்ஸ்? வராததாக இருந்தால்தான் எதற்கு?

நான் கப்பியாரிடம் போனேன். கோயிலில் மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிறவர். எந்தக் கால் என்று கேட்டேன். "வலது. எப்பவும் வலதுதான். இதெந்து கேள்வி?" என்றார். மனசு கேட்கவில்லை, மடத்துக்குப் போய் சிஸ்டரிடம் கேட்டேன். "கர்த்தர் இடது வலது பார்க்கிற ஆளா அம்மா? எந்தக் காலானா என்ன!" என்று சிரித்தார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை. அச்சன் கழுவப்போகிற காலை முதலில் வீட்டில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். வியாழக்கிழமை காலையிலேயே அடுத்த யூனிட் ஆட்டோக்கார அண்ணன் எங்கள் தெருக் குழாயடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அச்சன் கழுவும்போ வெள்ளம் கறுத்தா யூனிட்டுக்கே நாணக்கேடல்லே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

உள்ளே வந்தால் இவரும் எலுமிச்சைத் தோலோடு உட்கார்ந்திருக்கிறார். இடது காலை மட்டும் தேய்க்கிறார்.

"ஏட்டி, எந்தக் காலும் ஆகுமா? நல்லாக் கேட்டியா?"

"ஆகும்னு சிஸ்டரே சொன்னாங்க."

கப்பியார் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று பயந்தேன். வந்தபிறகு என்ன ஆகும் என்று ஏன் பயப்படவில்லை?

பெஞ்சில் முதல் ஆள் வலது காலை நீட்டியபோதே இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது ஆளும் வலது. மூன்றாவதும் வலது. அதற்குப் பிறகு அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அச்சன் முன்னால் வந்து முழங்காலிட்டதும் இடது சாக்ஸை மட்டும் உருவினார். வலது காலைக் காட்டி, புண்ணா என்று அச்சன் சைகையில் கேட்க, அந்த வார்த்தையைச் சொன்னார்.

பின்னாலிருந்து யாரோ "சாக்ஸ் அண்ணன்" என்று முணுமுணுக்க, ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அச்சன் இந்த ஊருக்குப் புதியவர், சின்ன வயது. அவருக்கு ஒன்றும் தெரியாது. செம்பைப் பிடித்தபடி தெரிந்த தமிழில், "ரெண்டுக்கும் தண்ணி உண்டு, அண்ணா" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்றுகூட நினைத்தேன். எதற்காகச் செபிப்பது என்று தெரியாமல் 'மாதாவே, மாதாவே' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்தார். வலது சாக்ஸையும் உருவி, சட்டைப் பைக்குள் திணித்தார். காலைத் தாம்பாளத்தின் மேல் நீட்டினார். நீட்டின வேகத்திலேயே, விரல்கள் இல்லாத இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அச்சன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கையை எடுக்கச் சொல்லவில்லை. கையின் மேலேயே தண்ணீரை ஊற்றினார். இவரும் கையை எடுக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கட்டும் என்று மெதுவாகக் கைவிரல்களை விரித்தார்.