மோட்டார் மேல் காசிநாதன் வைத்த மையல்

ஆம்பூரில் மஹபூப் பாஷாவின் தோல் கிடங்கில் தோலுக்கு எண்ணெய் போடுகிறவன் காசிநாதன். ஆட்டுத்தோலின் பதத்தை உள்ளங்கையாலேயே சொல்லிவிடுவான். முதலாளி ஒரு பழைய மோட்டார் கார் வாங்கியபோது, கிழிந்த இருக்கைக்குத் தோல் போட இவனைத்தான் கூப்பிட்டார். கூப்பிட்டிருக்க வேண்டாம். அவனே தோல் பொறுக்கி, எண்ணெய் தேய்த்து, தைத்துப் பூட்டினான். பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டு டிரைவராகிவிட்டான். அதோடு வீட்டுக்கு வருவது குறைந்தது.

அவன் மனைவி சுந்தரி விவரமானவள். புருஷன் மல்லிப்பூ வாங்குகிறான், வீட்டுக்குப் பூ வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? வண்டி வேலூருக்கு அடிக்கடி போகிறதே, அங்கே பாகாயம் பக்கத்தில் எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். முகம் தெரியாத அவளை வயிறெரியத் திட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்த நேரம், வண்டிக் கொட்டகைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். காசிநாதன் சட்டையில்லாமல், சூடு ஆறாத பானெட்டைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் வைத்துக் கண்மூடிக் கொஞ்சிக்கொண்டிருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. வண்டியின் முன்விளக்குகளுக்கு நடுவே மல்லிச்சரம். பொம்பளை இல்லையே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம்தான் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். ஆடிப் பதினெட்டில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, பழையதைத் தண்ணீரில் விடச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாள். ஏரியில் விட்டதாகச் சொன்னான். அது ஸ்டியரிங் தண்டில் மூன்று முடிச்சோடு கட்டியிருந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பயந்துபோய்ச் சத்தமில்லாமல் திரும்பினாள்.

பாஷாவிடம் போய் அழுதாள். கயிற்றைப் பற்றிச் சொல்ல வெட்கம். வண்டி வந்ததிலிருந்து அந்தாளுக்குப் புத்தி சரியில்லை என்று மட்டும் சொன்னாள். வண்டி அடிக்கடி பழுதாகி அவருக்கும் பேஜார்தான். நாட்றம்பள்ளிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். காசிநாதன் சண்டை போடவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

ஐப்பசி மழையில் பாலாறு கரை முட்டி ஓடியது. வண்டியை ஒப்படைக்க வேண்டிய காலையில் வீட்டு வாசலில் வந்து நிறுத்தி, ஒரு தபா ஏறு, போய்ட்டு வரலாம் என்றான். கடைசித் தடவைதானே என்று ஏறினாள். அவன் வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பிச் சரிவின் தலையில் நிறுத்தினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்கிக்கோ."

"இன்னாத்துக்கு?"

"இவளை எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நீ எறங்கு சுந்தரி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இறங்கினால் புருஷன் போய்விடுவான். தான் உள்ளே இருக்கிறவரை ஆற்றில் விடமாட்டான், தாலி கட்டினவன் அல்லவா என்று நம்பினாள். இருக்கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, இறங்க மாட்டேன் என்றாள்.

காசிநாதன் அவள் பக்கம் திரும்பவில்லை. குனிந்து ஸ்டியரிங்கைத் தடவி, சுந்தரியிடம் ஒருநாளும் பேசாத குரலில் வண்டியிடம் சொன்னான்.

"பரவால்ல. அவளும் வரட்டும்."

வண்டி சரிவில் இறங்கியது.