நீலம் என்றால் காயம்

இந்த நாட்டில் பிள்ளையைக் கிரெஷ் என்னும் பகல்காப்பகத்தில் விட்டால், நாம் போட்டுவிட்ட சட்டையைக் கழற்றிவிட்டு அவர்களுடைய சட்டையை மாட்டிவிடுகிறார்கள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் எழுபதுகளின் கடைசியில் காரைக்காலிலிருந்து பாரீஸ் பக்கம் வந்து சேர்ந்தோம். நான் தையல் பட்டறைக்குப் போவேன். மாலையில் மகள் செல்வியை வாங்கும்போது அவள்மேல் வேறு சோப்பு மணக்கும். அங்கே ஆயாவாக இருந்த மோனிக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னிடம் வரமாட்டாள். எனக்கு வயிறெரியும்.

ஒரு குளிர்காலக் காலையில் மோனிக் என்னை உள்ளே அழைத்து, செல்வியின் இடுப்புக்குக் கீழே பிறந்ததிலிருந்தே இருந்த நீலத் திட்டைக் காட்டினாள். "ப்ளெ?" என்றாள். நீலத்துக்கு இங்கே அதுதான் சொல். "வுய், ப்ளெ" என்று தலையாட்டினேன். "உங்கள் கணவரா?" என்று கேட்டாள். அவர் வழியில் வந்ததா என்று கேட்கிறாள் போலும். அவர் அண்ணன் பிள்ளைகளுக்கும் பிறந்தபோது இப்படித்தான் இருந்தது. "ஆமாம், அவர்தான்" என்று சிரித்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அடிபட்டுக் கன்றிய காயத்துக்கும் அதே சொல்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாலையில் போனபோது செல்வி அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். ஓடினேன். குழந்தையை எதால் அடித்தாய் என்று கணவரைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்க எனக்கு அனுமதியில்லை. கண்ணாடிக்கு அப்பால் செல்வி, மோனிக் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

என் தங்கை வசந்தாவின் மகன் காரைக்கால் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அவன் முதுகிலும் இதே நீலம். "நம்ம வூட்டுப் புள்ளன்னு முத்திரை குத்தி அனுப்பியிருக்கு பாருங்க!" என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்ல, வார்டே அவனைத் திருப்பித் திருப்பி முத்தமிட்டது. அதே நீலத்துக்கு அவளுக்கு முத்தம், எனக்குப் போலீஸ். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கையை நினைத்துப் பொருமினேன்.

வியட்நாமில் வேலை பார்த்துவிட்டு வந்த வயதான டாக்டர் ஒருவர் செல்வியைப் புரட்டிப் பார்த்தார். திட்டை அழுத்தினார். அவள் சிரித்தாள். "இது அடியில்லை, பிறவியில் வருவது. ஆசியாவில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. வளர வளர மங்கிவிடும்" என்றார். சந்தேகம் தீர, சில நாள் வைத்திருந்து பார்த்தார்கள். அடிபட்ட இடமானால் நிறம் மாறுமாம். மாறவில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள்.

மோனிக் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை. நிஜமாகவே அடிவாங்கிய பிள்ளையாக இருந்தால் அவள்தானே காப்பாற்றியிருப்பாள்? அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் இடுப்பிலிருந்த செல்வி எட்டி, அவள் கண்ணைத் துடைத்தாளே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனோம். கொல்லையில் பைப்படியில் வசந்தா இரண்டு பிள்ளைகளையும் அம்மணமாக நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தெருப்பெண்கள் போகிற போக்கில் பேச்சுக் கொடுத்தார்கள்.

"ஏங்க்கா, கொல்லைக் கதவ எதுக்குச் சாத்துற? காத்து வரட்டுமே" என்றாள் வசந்தா.

சாத்தியது எனக்கே தெரியவில்லை. அவள், யார் பார்த்தால் என்ன என்பதுபோல மகனின் நீல முதுகில் நுரை பொங்கச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கதவில் சாய்ந்தபடி, என் பிள்ளையை மறைக்கத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.