மதாம் எலேனுடன் திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு ஞாயிறு

நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை வந்த பயணக் கட்டுரைகள் எல்லாம் கோயிலுக்கோ அருவிக்கோ போய் வந்தவை. நான் போனது பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புக்கு. தை மாதம் இரண்டாவது ஞாயிறு. தெற்கு மாசி வீதியிலிருந்து ஐந்து மைல்கூட இராது. ஆனாலும் இவ்வளவு தூரம் நான் எங்கும் போனதில்லை என்று தோன்றுகிறது.

காரணம் மதாம் எலேன். பிரான்ஸ் தேசத்துச் சரித்திர ஆசிரியை, வயது ஐம்பது இருக்கும். பாரிஸில் ஒரு தினசரியில் வாரம் ஒரு பத்தி எழுதுகிறார். உபாத்தியாயர் சங்கத்தின் காரியதரிசியாகவும் இருந்தவர். புதுச்சேரியில் ஒரு தோழி வீட்டுக்கு வந்தவருக்கு மதுரை ஆலைப் பெண்களிடம் பேச ஆசை. தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். துணைக்கு ஒரு மாணவி வேண்டுமென்று நம் தலைமையாசிரியையிடம் கேட்டார். நான்காம் பார வகுப்பில் இரண்டு மொழியிலும் முதல் மதிப்பெண் என்னுடையது என்பதால் என்னை அனுப்பினார்கள். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறோம். என் தமிழ் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

காலை பத்தரைக்கு ஜட்கா வண்டி ஏறினோம். வாடகை எட்டணா. மதாம் நல்ல உயரம். முழங்கால் மோவாயில் இடித்தது.

"தொரசானிய முன்னாடி நகந்து ஒக்காரச் சொல்லு பாப்பா. வண்டி பின்னாடி சாயுது, குதிர அந்தரத்துல தொங்கப் போகுது" என்றார் வண்டிக்காரர்.

பசுமலையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய நேரத்தில் மதாம் தம் கதையைச் சொன்னார். பிறந்தது நிலக்கரிச் சுரங்க ஊரில். எட்டு வயதில் அப்பா சுரங்கத்துக்குள் இறந்துபோனார். அம்மா ஊரார் துணியை வெளுத்துப் படிக்க வைத்தார். சரித்திரம் படித்தபின் அந்தச் சுரங்கத்தின் பழைய ஏடுகளைத் தேடிப் போனாராம். அவற்றில் வண்டி இழுத்த குதிரைகளுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தது. ஆட்களுக்கு வெறும் எண்தான். அந்த ஆட்களின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்ததுதான் அவருடைய முதல் புத்தகம்.

நான் இதை வண்டிக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர் குதிரையைத் தட்டிக்கொடுத்தார். "இதுக்கும் ராணின்னு பேரு இருக்கு. பத்து வருசமா வண்டி ஓட்டுறேன், ஏறுன யாரும் எம்பேரக் கேட்டதில்ல."

இதை நான் சொன்னதும் மதாம் உடனே அவர் பெயரைக் கேட்டார். சோலை என்றார் வண்டிக்காரர். அதை மதாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பத்தி எழுதியதால் மதாமின் பள்ளி வேலை போயிற்று. உபாத்தியாயர் சங்கம் இரண்டு வருஷம் போராடித் திரும்ப வாங்கிக் கொடுத்தது. இன்னொன்றும் சொன்னார். ஒரு முறை, கணவனை இழந்த பெண் ஒருத்தி பத்திரிகை ஆபீஸுக்கே வந்து, தான் பேசியதாக அச்சான பத்தியை மேஜையில் போட்டு, "இது நான் பேசியதில்லை, நீ பேசியது" என்றாளாம். அன்று முதல் யார் என்ன சொன்னாலும் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டாமல் மதாம் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் குடியிருப்பில் இறங்கினோம். வேப்பமர நிழலில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர் பேச்சியம்மாள் அக்கா. ஆலையில் நூல் சுற்றும் வேலை. மடியில் ஐந்து மாதப் பையன்.

விஷயம் இதுதான். கைக்குழந்தைகளை ஆலைக்குள் விடுவதில்லை. வாசலுக்கு எதிரே சாலையோரப் புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். பால் கொடுக்க வெளியே வந்தால் கேட்டை அடைத்து, அரை நாள் வேலை இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை தொழிலாளர் சங்கம் மானேஜரிடம் மனுக் கொடுக்க இருந்தது. பெண்களின் கோரிக்கையும் சேர வேண்டுமானால் அன்று மாலை நான்கு மணிக் கூட்டத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களில் யாருக்கும் எழுதத் தெரியாது.

அக்கா சொல்லச் சொல்ல மதாமுக்கு இங்கிலீஷில் சொன்னேன், சங்கத்துக்குத் தமிழில் எழுதினேன். இரண்டேகாலுக்கு முடிந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. தம் பத்திக்காக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். பிறகு வழக்கப்படி, "வாசித்துக் காட்டு" என்றார்.

வாசித்தேன்: "பெருந்தகையீர்! பசித்துயரால் வாடும் எம் பச்சிளஞ் சிசுக்களின் பால் இரங்கி, தங்கள் மேலான கருணையால் நிழல் தந்தருள வேண்டுகிறோம்…"

"ஏத்தா பேச்சி, நீயா இம்புட்டும் பேசுன? காலட்சேபம் கேட்டாப்புல இருக்கு!" என்று ஒரு பெண் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பாப்பா, நான் கருணைன்னு சொன்னேனா?"

"இல்லை அக்கா."

"இரங்குன்னு?"

"இல்லை."

"பின்ன என்ன சொன்னேன்?"

"கேட்டுக்கு உள்ளே கொட்டகை வேணும். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, கால் மணி நேரம் பால் கொடுக்க விடணும். அதுக்காக யாரையும் வீட்டுக்கு விரட்டக் கூடாது."

"அம்புட்டுத்தேன். அதை எழுது. கருணைன்னு போய் நின்னா, பாப்போம் போங்கன்னு சொல்லிருவான். கால் மணி நேரம்னு கேட்டா, உண்டு இல்லன்னு ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்?"

நடந்ததை, இங்கிலீஷிலும் நான் அப்படியே அலங்கரித்ததையும் சேர்த்து, மதாமிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே அடித்தார். "நீ சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்" என்றார்.

தம் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். ஆறே வரியில் திரும்ப எழுதினேன். மறுபடி வாசித்தேன். அக்கா கேட்டுவிட்டு, "அடைச்ச கேட்டப் பத்தி மொதல்ல போடு" என்று ஒரு வரியை மேலே ஏற்றச் சொன்னார். மூன்றரைக்குக் கிளம்பி ஒரு மைல் நடந்தோம். குழந்தையையும் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தவர் அக்காதான். நானும் மதாமும் பின்தங்கினோம்.

சங்க ஆபீஸ் திருப்பரங்குன்றத்தில் ஒரு சைக்கிள் கடை மாடி. அந்தப் படியில் பெண்கள் அதுவரை ஏறியதில்லையாம். காரியதரிசி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆறு வரியையும் சத்தமாக வாசித்தார்.

பின்னால் ஒருவர், "பால் குடுக்கிறதுக்கெல்லாம் சங்கமாண்ணே?" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "மாரிமுத்தண்ணே, போன வாரம் மாடு முட்ட வந்துச்சே, அந்தத் தூளியில கெடந்தது யார் வீட்டுப் புள்ள? வீட்டுல மதினியக் கேளுங்க, சொல்லும்."

காரியதரிசி அதை ஓட்டுக்கு விட்டார். முதலில் கை தூக்கியவர் மாரிமுத்தண்ணன்தான். நான்காவது கோரிக்கையாகச் சேர்த்தார்கள். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

மாலை ஆறு பத்து ரயிலில் திரும்பினோம். ஆளுக்கு ஒன்றரையணா. மதாம் மறுநாள் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறன்றுதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். போவதற்கும் ரயிலே மலிவு. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணறு தூரம். ஒருவர் சொல்வதை எழுதப் போகிறீர்களானால், அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். இனிய சொற்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அவை என் சொந்த மனுவுக்கு இருக்கட்டும்.

இந்தக் கட்டுரையைப் படி எடுக்கும்போது கிடைத்த செய்தி: ஆலைக்குள், கேட்டுக்குப் பக்கத்தில், கொட்டகைக்கு இடம் அளந்திருக்கிறார்கள். இருபதடிக்குப் பன்னிரண்டடி. பத்தாது என்று பேச்சியம்மாள் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.