அக்காவின் உள்ளங்கைச் சீனி

லண்டனில் பிள்ளைக்குத் தொண்டை நோகிறது என்று போன் பண்ணினால், நர்ஸ் குச்சி ஐஸ், அதுதான் ஐஸ் லொலி, கொடுக்கச் சொல்கிறாள். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலும் இருக்கிறது என்றேன். தெரியும் என்றாள். என் இங்கிலீஷ்தான் அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் என் மகள் மீரா அதை நக்கித் தீர்த்துவிட்டு விளையாட எழுந்துபோனாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேதவாக்கு.

போன விடுமுறைக்கு அந்த வேதத்தோடுதான் இலங்கை மலைநாட்டில் அக்கா இருக்கும் வட்டவளைக்குப் போனேன். மூன்று வயது மீராவுக்குப் போன கையோடு தொண்டை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. மருந்து கொடுத்த டாக்டர், "பின்னேரத்துக்குள்ள தண்ணி எறங்கலன்னா டிக்கோயா ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தணும்" என்றார். காலையிலிருந்து பிள்ளை ஒண்ணுக்குப் போகவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் அக்கா ஆவி பறக்கக் கொத்தமல்லித் தண்ணி வைத்தாள். "சுடச்சுடக் குடு, தொண்ட எளகும்."

"வேணாங்க்கா, வலியில கத்துவா. ஐஸ்கிரீம் வாங்கியாறேன்."

"இந்தப் பனியிலயா? பைத்தியமா ஒனக்கு?" அக்கா கோபமாகவே போனாள்.

அவள் சொன்னபடி கொடுத்தும் பார்த்தேன், மீரா தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டில் அவளை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். எதற்கு என்று சிங்களக் கடைக்காரர் கேட்டார், உளறிவிட்டேன். "உண தியன லமயாட ஐஸ்கிரீம் எபா, நோனா" என்று ஐஸ் பெட்டியை மூடினார். காய்ச்சல் பிள்ளைக்குக் கூடாதாம். அவர் எடுத்து நீட்டியதும் கொத்தமல்லிப் பொட்டலம்தான்.

பின்னேரமும் ஆகிவிட்டது. மீராவின் உதடு வெடித்திருந்தது. உடுப்பு மாற்றி, ஆஸ்பத்திரிக்குப் பையைக் கட்டினேன். மலையிலிருந்து வந்த அக்கா பால் இல்லாத பிளேன்டீ ஊற்றினாள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி ஒரு நக்கு, ஒரு மிடறு. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம். லண்டனில் வளரும் மீரா அதைக் கண்டதேயில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தவள், எழ முடியாமல் தவழ்ந்துபோய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். கொழுந்துக் கறை ஏறிய கறுத்த கை. கழுவச் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

ஒரு நக்கு. அக்கா கேட்காமலே என் பக்கம் மற்றக் கையை நீட்டினாள். ஆறிப்போன கொத்தமல்லித் தண்ணியை எடுத்துக் கொடுத்தேன். மீரா முகத்தைச் சுளித்து ஒரு மிடறு விழுங்கினாள். மறுபடி நக்கு, மறுபடி மிடறு. இருட்டுமுன் அவள் அக்காவின் மடியை நனைத்தபோது, நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

நேற்று இங்கே லண்டனில் மீராவுக்கு மறுபடி தொண்டை நோவு. ஐஸ் லொலியைத் தள்ளிவிட்டாள். எனக்கு விளங்கிவிட்டது, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நீட்டினேன். அவள் சீனியைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கை இல்ல," என்றாள். "கறுப்புக் கை."